காய்ச்சலை மறைக்கத் தேவையில்லாத கப்பல் பயணம்: துறைமுக, சுகாதார, சுற்றுலாத் துறையினருக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னைத் துறைமுக ஆணையம்; ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் துறைமுக சுகாதார அமைப்பு; தமிழ்நாடு சுற்றுலாத் துறை.

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் மாதம் சுற்றுலாக் கப்பல் புறப்பட்டபோதும், அடுத்த ஆண்டு ஜூனில் அங்கிருந்தே இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குக் கப்பல் சென்றபோதும், கடற்கரையே இல்லாத எங்கள் மாவட்டத்திலும் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. காட்பாடியில் காலையில் ரயில் ஏறினால் நண்பகலுக்குள் துறைமுக வாயிலை அடைந்துவிடலாம் என்பதால், ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த டிக்கெட்டோடும் தாங்களே சேர்த்துவைத்த பணத்தோடும் கப்பல் ஏற முன்வந்தார்கள். 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘குரூஸ் பாரத்’ இயக்கம் 2029க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்க வேண்டும் என்ற இலக்கோடு இயங்குவதால், எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் அதிகமாக வருவார்கள் என்றே எதிர்பார்க்கலாம்.

நான் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். எங்கள் பகுதி ஓய்வூதியர் குழுவினரின் பயண ஏற்பாடுகளைக் கவனித்துவருகிறேன். கொரோனா காலத்தில் கப்பல் பயணங்களுக்கு விதிக்கப்பட்ட சுகாதாரக் கட்டுப்பாடுகள் கடுமையானவை என்று குறைகூற இந்த மடலை எழுதவில்லை. கடுமை தேவைப்பட்ட காலம் அது. அடுத்த தொற்று வருவதற்கு முன், பயணிகளுக்கான சுகாதார விதிகளையும், அந்த விதிகளால் பயணம் தடைப்பட்டவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் விதியையும் ஒரே ஆவணமாக, தமிழிலும் எழுதி, டிக்கெட் விற்கும் முன்பே பயணியின் கையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இவை இரண்டும் தனித்தனி விவகாரங்கள் என்று உங்கள் அலுவலகங்கள் கருதக்கூடும். பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத இடத்தில் எந்தச் சுகாதார விதியும் வேலை செய்யாது என்பது என் பணிக்கால அனுபவம்; அதனால் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறேன்.

எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு தம்பதிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த முகவர் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. அவர்கள் பணம் கட்டியபோது இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றிதழ் போதும் என்று சொல்லப்பட்டது. பயணம் நெருங்கிய நேரத்தில், 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை முடிவும் வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 48 மணி நேரம் என்பது சளி மாதிரி எடுத்த நேரத்திலிருந்து கணக்கிடப்படுமா, முடிவு வந்த நேரத்திலிருந்தா என்று முகவருக்கே தெரியவில்லை. துறைமுக நகரத்திலேயே வசிப்பவருக்கு இது சிறிய சிக்கல். வேலூரில் மாதிரி கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, ரயிலில் சென்று, வரிசையில் நிற்பவருக்கோ அந்த 48 மணி நேரத்தில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. வாயிலில் கெடு கடந்துவிட்டது என்றார்கள். சொந்தச் செலவில் மறுபரிசோதனை செய்துகொண்டார்கள். மனைவிக்குத் தொற்று இருப்பதாக முடிவு வந்தது. கணவரையும் ஏற்றவில்லை. அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் கட்டிய பணத்துக்குப் பதிலாகப் பின்னொரு பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவுச் சீட்டு ஒன்றுதான் கிடைத்தது. அதன் காலக்கெடு முடியும்வரை அந்த அம்மாவின் உடல்நிலை பயணத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

இந்தச் செய்தி எங்கள் குழுவில் பரவியபோது யாரும் கப்பல் நிறுவனத்தைத் திட்டவில்லை. ‘பயணத்துக்கு முந்தின நாள் லேசாகக் கணகணப்பு இருந்தால் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும், யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது’ என்ற பாடத்தைத்தான் கற்றுக்கொண்டார்கள். ஒரு சுகாதார ஊழியனுக்கு இதைவிடக் கவலை தரும் பேச்சு இல்லை. வாயிலில் வைக்கப்படும் வெப்பமானி அந்த ஒரு மாத்திரையில் ஏமாந்துவிடும். பயணிகள் நிரப்பித் தரும் உடல்நல உறுதிமொழிப் படிவமோ, உண்மையைச் சொன்னால் மொத்தப் பணமும் போய்விடும் என்று அஞ்சுகிறவரிடம் பொய்யை எழுதி வாங்குகிற தாளாகிவிடுகிறது.

பரிசோதனையை மட்டும் நம்பி இந்த ஓட்டையை அடைக்க முடியாது என்பது துறைமுக சுகாதார அமைப்பினருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. தொற்று உடலில் புகுந்து பரிசோதனையில் தெரிவதற்குச் சில நாட்கள் ஆகும். இன்று தொற்றில்லை என்று முடிவு பெற்றவர் கப்பல் ஏறிய மறுநாள் நோயாளியாகலாம். இதற்கு நேர்மாறாக, நோய் முழுதும் குணமாகிப் பிறருக்குப் பரப்பும் நிலையைக் கடந்தவரிடமும் ஆர்.டி.பி.சி.ஆர். பல வாரங்கள்வரை தொற்று இருப்பதாகக் காட்டக்கூடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்தக் காலத்தை 90 நாட்கள்வரை கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே, அண்மையில் குணமடைந்தவருக்கு மருத்துவர் சான்று போதுமா, மறுபரிசோதனை வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்காத விதி, நோயாளியை ஏற்றிக்கொண்டு நலமானவரை இறக்கிவிடும் விதியாக முடியும். பயணி தானாக முன்வந்து ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்வதே இன்னமும் நம்மிடம் இருக்கும் சிறந்த கருவி. அப்படிச் சொல்பவரைத் தண்டிக்காத விதி ஒன்று வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. இந்தியாவும் ஏற்றுக்கொண்டுள்ள, உலக சுகாதார அமைப்பின் சர்வதேச சுகாதார விதிமுறைகளின் 40ஆம் பிரிவு, ஒரு நாட்டுக்குள் வரும் பயணியின் உடல்நிலையைக் கண்டறியும் மருத்துவப் பரிசோதனைக்கும், பொதுச் சுகாதாரத்தைக் காக்க அவரைத் தனிமைப்படுத்துவதற்கும் அரசு அவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. தடுப்பூசி குறித்த விதியை 10 நாட்களுக்கு முன்னதாக வெளியிடவில்லை என்றால் அந்தத் தடுப்பூசிக்கும் கட்டணம் கூடாது என்கிறது. இது நாடுகளைக் கட்டுப்படுத்தும் விதி. சுற்றுலா நிறுவனத்தையோ உள்நாட்டுக் கப்பல் பயணத்தையோ நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். ஆனால் அதன் நியாயம் எங்களுக்கும் பொருந்தும். துறைமுகத்தில் கப்பலை நிறுத்த இடம் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே, புறப்பாட்டுக்கு 10 நாட்களுக்குள் சுகாதார விதி மாறினால் அதை ஏற்க இயலாத பயணிக்கும், புறப்படும் முன் நோயைத் தெரிவித்த பயணிக்கும், அவருடன் ஒரே அறையில் தங்கவிருந்தவருக்கும் முழுப் பணத்தையும் பணமாகவே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையைத் துறைமுக ஆணையம் சேர்க்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் மட்டும் அரசின் கை நேரடியாக எட்டுகிறது. பயணிக்கும் முகவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் அது எட்டுவதில்லை.

விதிகள் மாறவே கூடாது என்று யாரும் கேட்க முடியாது. அமெரிக்காவில் 2020 மார்ச் 14 அன்று கப்பல்களுக்கு முழுத் தடை வந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் அது நிபந்தனைகளுடன் கூடிய அனுமதியாக மாறியது. 2022 ஜனவரியில் அந்த ஆணை காலாவதியாகி, விரும்பும் நிறுவனங்கள் மட்டும் பின்பற்றும் திட்டமானது. அவ்வாண்டு ஜூலையில் அதுவும் முடிவுக்கு வந்தது. நோயைப் பற்றிய அறிவு வளர வளர விதியும் மாறியது இயல்பே. ஒவ்வொரு மாற்றத்தின் செலவையும் யார் ஏற்பது என்பது மட்டும் பெரும்பாலும் சொல்லப்படாமல் விடப்பட்டது. சொல்லப்படாத செலவு எப்போதும் பயணியின் தலையில்தான் விழும்.

அடுத்து, கப்பலில் தனிமைப்படுத்துதல். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. பயணிகளை அறைகளுக்குள் அடைத்த பிறகும், அவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக் கப்பல் ஊழியர்களே செய்தார்கள், ஒரே அறையைப் பகிர்ந்து தூங்கினார்கள், ஒன்றாகவே சாப்பிட்டார்கள். அவர்களிடையே தொற்று பரவியதில் வியப்பில்லை. அந்தக் கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். சுற்றுலா போகிறவரைவிடச் சுற்றுலாவை நடத்திக்கொடுக்கிறவரே நம்மவராக இருந்தார் என்பதை விதி எழுதும்போது மறக்காதீர்கள். பயணிகளுக்கான விதிப் பட்டியலில் ஊழியருக்குத் தனி அறையும் சம்பளத்துடன் கூடிய ஓய்வும் உண்டா என்பதும் இடம்பெற வேண்டும். சம்பளம் வெட்டப்படும் ஊழியரும் காய்ச்சலை மறைக்கவே செய்வார்; அவர் பரிமாறும் தட்டு எங்களிடம்தான் வருகிறது.

அதே கப்பலில் சன்னல் இல்லாத உள்ளறைகளில் இருந்தவர்கள் காற்று வாங்க மேல்தளத்துக்குச் சிறிது நேரம் மட்டும் முறைவைத்து அனுமதிக்கப்பட்டார்கள். கப்பலில் மிகக் குறைந்த விலை டிக்கெட் அந்த உள்ளறைதான். எங்களைப் போன்ற ஓய்வூதியர்கள் வாங்குவதும் அதுவே. டிக்கெட் வாங்கும்போது அது தூங்க மட்டுமே பயன்படும் அறை என்று நினைத்து வாங்குகிறோம். நாட்கணக்கில் வெளிச்சமே படாமல், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எண்ணி வைத்திருக்கும் எழுபது வயதுக்காரர் அங்கே அடைபடலாம் என்றால், அதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தனிமைப்படுத்தப்படுவோருக்கென்று சன்னலுள்ள அறைகளைக் காலியாக ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பயணிகளின் எண்ணிக்கைக்கேற்ப நிர்ணயிக்க வேண்டும். கூட வந்தவர் பிரிய விரும்பாவிட்டால் என்ன செய்வது, இன்சுலினை எங்கே குளிர வைப்பது, கப்பல் மருத்துவர் எதற்கு வருவார், எதற்குக் கரைக்கு அனுப்புவார் என்பவற்றையும் எழுதிவைக்க வேண்டும். 1955 முதல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனையும் ஆய்வு மையமும் இருந்துவரும் பகுதி இது. நோயாளியை ஒதுக்குவதற்கும் நோய் பரவாமல் பார்த்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊரின் பழைய சுகாதார ஊழியர்கள் அங்கே கண்டு பழகியவர்கள். கப்பலில் அந்த வேறுபாட்டைத் தற்செயலுக்கு விட வேண்டாம்.

துறைமுகங்கள் கதவடைத்த கதையும் உண்டு. 2020 பிப்ரவரியில் வெஸ்டர்டாம் கப்பலை ஐந்து இடங்களில் சேர்க்க மறுத்தார்கள். கடைசியில் கம்போடியாவின் சிகனூக்வில் துறைமுகம் இடம் கொடுத்தது. நம் நாட்டில், 2022 ஜனவரித் தொடக்கத்தில் மும்பையிலிருந்து கோவா சென்ற கப்பலில் 66 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டு, கப்பல் மும்பைக்கே திரும்ப நேர்ந்தது. பொதுச் சுகாதாரக் காரணத்தைக் காட்டி ஒரு கப்பலைத் துறைமுகத்துக்கு வரவே விடாமல் தடுக்கக் கூடாது, அந்தத் துறைமுகத்தில் வசதி இல்லையென்றால் வசதியுள்ள அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பலாம் என்பது அதே சர்வதேச விதிமுறைகளின் 28ஆம் பிரிவு. சென்னை அந்த வசதியுள்ள துறைமுகமாக இருக்கப்போகிறதா? இருக்கும் என்றால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வழியில், யார் செலவில் அழைத்துச் செல்வீர்கள் என்பதும், மாவட்டங்களைத் தாண்டி வந்த பயணிகள் எப்படி வீடு திரும்புவார்கள் என்பதும் இப்போதே முடிவாக வேண்டியவை.

கதவடைப்பைப் பற்றி எழுத வேலூர்க்காரனுக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இரண்டு விதத்திலும் உண்டு என்பேன். 2020 ஏப்ரலில் எங்கள் மாவட்டத்தின் ஆந்திர எல்லைச் சாலைகளில் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். எதிர்ப்பு வந்ததும் உடனே இடித்தார்கள். ஆம்புலன்சும் பால் வண்டியும் எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்காமல் அவசரத்தில் எடுத்த முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு அது போதிய சான்று. அதே நாட்களில், சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, ரயில் நின்றுபோனதால் ஊர் திரும்ப முடியாமல் சிக்கிய நோயாளிகளும் உடன் வந்தவர்களும் எங்கள் நகரத்து லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கினார்கள்; மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் விட்ட பிறகுதான் அவர்கள் கிளம்ப முடிந்தது. வாடகை கொடுக்க வழியில்லாதவர்களும், மொழி தெரியாமல் மருந்துக் கடைக்குப் போகத் தயங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். வேற்றூரில் சிக்கியவருக்கு நோயைவிடத் தகவல் இல்லாததுதான் பெரிய அச்சம். கப்பலில் சிக்கியவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்; அங்கே லாட்ஜ் முதலாளியிடம் பேசிப் பார்ப்பதற்குக்கூட வழியில்லை.

கரை இறங்குவதில் அவசரம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்த ரூபி பிரின்சஸ் கப்பலின் கதை இருக்கிறது. 2020 மார்ச் 19 அன்று, கப்பலிலிருந்து எடுத்த மாதிரிகளின் முடிவு வரும் முன்பே, ஏறக்குறைய 2,700 பயணிகளைச் சிட்னியில் இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னர் அந்தக் கப்பலோடு தொடர்புடையதாக 28 மரணங்கள் பதிவாயின. விசாரணை ஆணையம் அவ்வாண்டு ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் மாநில சுகாதாரத் துறையின் தவறுகளைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. ஆகவே, இறங்கும் நேரம் தாமதமாகலாம் என்று விதியில் எழுதுங்கள். எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். தாமதத்தால் தவறும் ரயிலுக்கும் கூடுதல் இரவுக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

கொரோனாவுக்கான பன்னாட்டு அவசரநிலை 2023 மே 5 அன்று முடிந்துவிட்டது என்பதால் இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். கப்பல்களில் ஆண்டுதோறும் தலைகாட்டும் நோரோ வைரஸ் வாந்திபேதிக்கு ஓய்வு கிடையாது. கொரோனா காலத்தில் எல்லா வாயிலிலும் வைத்த கைத் தெளிப்பான் நோரோ வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். உணவுக் கூடத்தின் நுழைவாயிலிலேயே கைகழுவும் தொட்டி கட்டாயம் என்று விதியுங்கள். அது ஒன்றே பல பக்க அறிவுரைகளுக்குச் சமம். பஃபேயில் ஆளாளுக்குக் கரண்டியைப் பிடிக்காமல் ஊழியரே பரிமாறும் முறை கொரோனா காலத்தில் வந்தது, அதை எடுத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் அப்படித்தான் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம், யாருக்கும் குறையாகப் படாது. அமெரிக்காவில் 1975 முதல் நடக்கும் கப்பல் சுகாதாரத் திட்டத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, 86க்குக் கீழே போனால் தேறவில்லை என்று பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். சென்னைக்கு வரும் கப்பல்களின் சுகாதார ஆய்வு முடிவும் அப்படி வெளியானால், டிக்கெட் வாங்குபவர் விலையோடு அதையும் பார்த்து வாங்குவார்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு முன் உடல்நிலையை மறைக்காமல் சொல்வது, தடுப்பூசி விவரத்தை அச்சிட்டுக் கொண்டுவருவது, வழக்கமான மருந்தைப் பயண நாட்களுக்கு மேல் கூடுதலாக எடுத்துவருவது, தனிமைப்படுத்தினால் மறுப்பின்றி ஒத்துழைப்பது ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட எங்கள் குழுவினர் ஆயத்தமாக இருக்கிறார்கள். வயதானவர்களை மொத்தமாகத் தடுத்துவிடுவது எளிது என்று சில நிறுவனங்கள் நினைக்கலாம். வயதை வைத்துத் தடுக்காமல், நோயின் நிலையை வைத்து மருத்துவர் முடிவெடுக்கும்படி விதி இருக்கட்டும்.

விதி ஆவணம் தமிழில் இருக்க வேண்டும் என்பதை மீண்டும் வலியுறுத்துகிறேன். ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் அவசரமாக மொழிபெயர்த்த, அரசுக் கடிதங்களில் நாம் பார்த்துச் சலித்த தமிழாக இருக்கக் கூடாது. எட்டாம் வகுப்புவரை படித்த ஒருவர் ஒருமுறை வாசித்து, எந்த நேரத்துக்குள் எந்தப் பரிசோதனை, தொற்று இருந்தால் என்ன நடக்கும், பணம் எத்தனை நாளில் எந்தக் கணக்குக்கு வரும் என்ற மூன்றையும் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். அப்படி ஒரு வரைவை நீங்கள் உருவாக்கினால் எங்களுக்கு ஒரு படி அனுப்புங்கள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். உட்கார்ந்து வாசித்து, புரியாத இடங்களில் கோடிட்டு, கேள்விகளை ஓரத்தில் எழுதி, கட்டணம் ஏதுமின்றித் திருப்பி அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.